விலைக்கு வாங்கிய எரிமலையும் ஒரு மீட்டர் கோலும்

சித்தூர், திருப்பதி மாணவர்களின் வாசலிலேயே காத்திருக்கும் அறிவியல் ஆய்வுகள்

புது தில்லி: ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு நாள், திருப்பதியில் நேராக நட்டு வைத்த கோலுக்கு நண்பகலில் நிழல் விழுவதில்லை. சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதே காரணம். அதே நாளில் தலைநகர் தில்லியில் ஒரு மீட்டர் உயரக் கோலை நட்டால், நண்பகலில் அதன் நிழல் சுமார் 27 செ.மீ. நீளம் இருக்கும்.

இந்த 27 செ.மீ. நிழலுக்குள் பூமியின் சுற்றளவு அடங்கியிருக்கிறது. கோலின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் கொண்டு தாளில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து, கோலின் உச்சியில் உள்ள கோணத்தைக் கோணமானியால் அளந்தால் 15 பாகை கிடைக்கும். முழு வட்டமான 360 பாகையில் இது 24-ல் ஒரு பங்கு. திருப்பதிக்கும் தில்லிக்கும் இடையே தெற்கு வடக்காக உள்ள நேர்த்தொலைவு சுமார் 1,660 கி.மீ. அதை 24-ஆல் பெருக்கினால் 39,840 கி.மீ. வருகிறது. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. என்பது பாடநூல் தரும் கணக்கு.

ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் செய்து காட்டிய கணக்கு இது. இன்று திருப்பதியில் 9-ம் வகுப்பு மாணவி ஒருவரும், தில்லியில் அவருக்கு அறிமுகமான மற்றொரு மாணவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே இதைச் செய்துவிட முடியும். தேவை ஒரு கோல், ஒரு தூக்குக்குண்டு, ஓர் அளவுநாடா மட்டுமே.

ஆனால் பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இத்தகைய ஆய்வுகளைக் காண்பது அரிது. சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் பொங்கும் எரிமலை, தெர்மாகோல் அணைக்கட்டு, சுழலும் காற்றாலை, சூரியக் குடும்பம் ஆகியவையே ஆண்டுதோறும் மேசைகளை நிறைக்கின்றன. இவற்றுள் பல, எழுதுபொருள் கடைகளில் பெட்டியோடு விற்கப்படுபவை. சில, பெற்றோர் இரவு கண்விழித்துச் செய்து கொடுப்பவை. மாணவர் அதன் அருகில் நின்று, மனப்பாடம் செய்த நான்கு வரிகளை ஒப்பிக்கிறார். "புராஜெக்ட்" என்ற சொல்லுக்கு அதுவே பொருளாகிவிட்டது.

மாதிரிக்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு எளிமையானது. மாதிரி, முன்பே தெரிந்த விடையைக் காட்டுகிறது. ஆய்வு, செய்பவருக்கு விடை தெரியாத கேள்வியில் தொடங்குகிறது. அந்த வேறுபாடு மறைந்துபோனால் இழப்பு யாருக்கு என்பதே இங்கு எழும் கேள்வி. கடையில் வாங்கப் பணம் உள்ள மாணவரின் எரிமலை பெரிதாகப் பொங்கும். பணம் இல்லாத கிராமத்து மாணவர் போட்டியிலிருந்தே விலகி நிற்பார். உண்மையான அளவீட்டுக்கு மதிப்பு தரப்பட்டால் இந்த நிலை தலைகீழாக மாறும்.

திட்டங்களுக்குக் குறைவில்லை

அறிவியல் மனப்பான்மையையும், ஆராய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என அரசியலமைப்புச் சட்டத்தின் 51-ஏ பிரிவு கூறுகிறது. 1976-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 42-வது திருத்தத்தின் மூலம் இது சேர்க்கப்பட்டது. அதன் பிறகு பள்ளி மாணவர்களுக்காக மத்திய அரசு கொண்டு வந்த திட்டங்கள் பல.

1993-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயது வரையிலான மாணவர்கள் தங்கள் ஊர்ப் பிரச்னையைத் தாங்களே ஆராய வேண்டும் என்ற நோக்கத்தைக் கொண்டது. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2015 ஜூலையில் தொடங்கி வைத்தது "ராஷ்ட்ரீய ஆவிஷ்கார் அபியான்". அவர் மறைவதற்குச் சில நாள்களுக்கு முன் நடந்த நிகழ்ச்சி அது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் "இன்ஸ்பயர் - மானக்" திட்டத்தில், தேர்வாகும் மாணவரின் யோசனைக்கு 10,000 ரூபாய் வழங்கப்படுகிறது. நீதி ஆயோக் 2016-ல் தொடங்கிய "அடல் டிங்கரிங்" ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். அரசுப் பள்ளிகளில் 5 ஆண்டுகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

உயர் ஆராய்ச்சிக்காக 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தில் பேசப்பட்ட தொகை, 5 ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அடிக்கல், எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் மாணவரின் கையில் இருக்கும் அளவுகோல்தான். முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்து சேர்ந்த பள்ளியில்கூட, "நீ எதைக் கண்டுபிடிக்க விரும்புகிறாய்?" என்று மாணவரிடம் கேட்க ஓர் ஆசிரியர் இல்லையென்றால், அந்த இயந்திரம் பூட்டிய அலமாரியில்தான் இருக்கும்.

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில் உள்ள பழைய சித்தூர் மாவட்டப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் எனத் தமிழ் பேசும் குடும்பங்கள் கணிசமாக வாழும் பகுதி இது. 2017 ஜனவரியில் 104-வது இந்திய அறிவியல் மாநாடு திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. ஐ.ஐ.டி.யும், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் 2015-ல் திருப்பதிக்கு வந்தன. ராக்கெட் ஏவுதளம் அமைந்துள்ள ஸ்ரீஹரிகோட்டா, 2022 ஏப்ரலில் நடந்த மாவட்ட மறுசீரமைப்பில் திருப்பதி மாவட்டத்துடன் சேர்ந்தது. மலை, மழை, வறட்சி, மாந்தோப்பு, கருங்கல் குவாரி, ரேடார், ராக்கெட் என ஓர் இயற்பியல், வேதியியல் பாடநூலுக்குத் தேவையான அனைத்தும் பேருந்தில் சென்று திரும்பும் தொலைவில் உள்ளன.

காதங்கி ரேடாரும் காலி பாட்டிலும்

திருப்பதியிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில், மலைகள் சூழ்ந்த காதங்கி என்ற சிற்றூரில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இயங்குகிறது. 1990-களின் தொடக்கத்தில் இங்கு அமைக்கப்பட்ட ரேடார், 1,024 ஆன்டெனாக்களைக் கொண்டது. வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக அவை நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வானை நோக்கி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் மிக நலிவான எதிரொலியைக் கொண்டு, பல கி.மீ. உயரத்தில் வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் இந்த ரேடார் அளக்கிறது. பருவமழையின் போக்கை அறிய இத்தகைய அளவீடுகள் உதவுகின்றன.

ரேடாரை மாணவர் செய்ய முடியாது. ஆனால் அதன் தத்துவத்தைச் சோதிக்க முடியும். ஒலி எழுப்பியபடி நெருங்கி வரும் பேருந்தின் ஹார்ன் உயர்ந்த சுருதியிலும், கடந்து சென்றபின் தாழ்ந்த சுருதியிலும் கேட்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 10 சதவீதம். சாலையிலிருந்து பாதுகாப்பான தொலைவில் நின்று கைபேசியில் ஒலியைப் பதிவு செய்து, அதிர்வெண்ணைக் காட்டும் செயலி மூலம் இரு அதிர்வெண்களையும் கண்டறிந்தால், வண்டியின் வேகத்தைக் கணக்கிடலாம். ஓட்டுநரின் வேகமானி காட்டிய எண்ணோடு அதை ஒப்பிட்டும் பார்க்கலாம். காற்றின் வேகத்தைக் காதங்கி ரேடார் அறிவதும் இதே டாப்ளர் விளைவைக் கொண்டுதான்.

ஒலியை வைத்துச் செய்யக்கூடிய மற்றோர் ஆய்வு ஸ்ரீஹரிகோட்டாவைச் சார்ந்தது. ஏவுதளத்திலிருந்து 20 கி.மீ. தொலைவில் நிற்பவருக்கு ராக்கெட்டின் சுடர் உடனே தெரியும். முழக்கம் சுமார் ஒரு நிமிடம் கழித்தே வந்து சேரும். நேரக்காட்டியும் வரைபடமும் இருந்தால் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். பாடநூலில் உள்ள எண்ணை மாணவரே கண்டடையும் வாய்ப்பு இது.

மழையை அளப்பது இதைவிட எளிது. பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து வைத்தால் மழைமானி தயார். பாட்டிலின் அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால், கூழாங்கற்களை இட்டு, குறிப்பிட்ட கோடு வரை நீர் ஊற்றி அதைச் சுழியம் எனக் கொள்ள வேண்டும். ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். 200 சதுர மீட்டர் பரப்புள்ள பள்ளிக் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் 10,000 லிட்டர்.

இதில் கேள்வி எங்கே வருகிறது? ஒரே வகுப்பில் படிக்கும் பத்து மாணவர்கள் தங்கள் பத்து ஊர்களில் மழைமானி வைத்தால், மே மாத இடிமழை ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வோர் அளவாக இருப்பதையும், நவம்பர் மாதத் தாழ்வு மண்டல மழை அநேகமாகச் சீராக இருப்பதையும் காணக்கூடும். அல்லது அதற்கு மாறாகவும் காணக்கூடும். எது உண்மை என்பது அளந்த பிறகே தெரியும்.

இது வெறும் விளையாட்டல்ல. 2021 நவம்பரில் பெய்த கனமழையில் திருப்பதி நகரத் தெருக்கள் வெள்ளக்காடாயின. திருமலைப் பாதைகளில் மண்சரிவு ஏற்பட்டது. ராயலசெருவு ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் சுற்றுவட்டார மக்கள் வெளியேற்றப்பட்டனர். தன் ஊரில் எத்தனை மி.மீ. பெய்தால் ஓடை கரை புரளும் என்று அறிந்த மாணவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருப்பது, அந்தக் கிராமத்துக்கே ஒரு பாதுகாப்பு.

3,550 படிகள்

அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் 3,550 படிகள் உள்ளன. அடிவாரத்துக்கும் மலைக்கோயிலுக்கும் இடையே உயர வேறுபாடு சுமார் 700 மீட்டர். 40 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் இந்த உயரத்தை ஏறினால், புவிஈர்ப்பை எதிர்த்து அவர் செய்யும் வேலை சுமார் 2,74,000 ஜூல். மூன்று மணி நேரத்தில் ஏறினால் அவரது சராசரித் திறன் ஏறத்தாழ 25 வாட் மட்டுமே. பழைய மின்விசிறி ஒன்று இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு இது.

அதே மாணவர் பள்ளிக் கட்டடத்தில் 3 மீட்டர் உயர மாடிப்படியை 6 விநாடிகளில் ஓடி ஏறினால், அவரது திறன் 196 வாட். அந்தத் திறனை எத்தனை மாடிகள் வரை அவரால் தொடர முடியும்? நாடித்துடிப்பு எப்படி மாறுகிறது? புத்தகப் பையுடன் ஏறினால் நேரம் எவ்வளவு கூடுகிறது? ஒரு படியின் உயரத்தை அளக்க அளவுகோலும், நேரத்தை அறியக் கைக்கடிகாரமும் போதும். 9-ம் வகுப்பில் "வேலை, ஆற்றல், திறன்" என்ற பாடத்தைப் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நேரடியான ஆய்வு கிடைப்பது கடினம்.

உயரம் கூடும்போது காற்றழுத்தம் குறைகிறது. நீரின் கொதிநிலையும் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் என்பது தோராயக் கணக்கு. அதன்படி திருப்பதியைவிடத் திருமலையில் நீர் 2 டிகிரிக்குச் சற்று அதிகமான வேறுபாட்டில் முன்னதாகவே கொதிக்க வேண்டும். மதனப்பள்ளி அருகே 1,200 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள ஹார்ஸ்லி மலையில், கடலோர ஊர்களைவிட வேறுபாடு 4 டிகிரியை எட்ட வேண்டும்.

பள்ளி வெப்பமானியால் ஒரு டிகிரி வரையே துல்லியமாகப் பார்க்க முடியும் என்பதால், ஒரே ஒரு முறை அளந்துவிட்டு முடிவு சொல்ல இயலாது. ஒரே வெப்பமானியை இரு இடங்களிலும் பயன்படுத்த வேண்டும். ஐந்து முறையாவது அளந்து சராசரி காண வேண்டும். அளவீட்டில் பிழை என்றால் என்ன என்பதை மாணவர் இங்கேதான் உணர்கிறார். நடைபாதையிலும் வனப்பகுதியிலும் தீ மூட்டக் கூடாது. ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையுடன், சமையலறை உள்ள இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீர்

மழை குறைந்த ஆண்டுகளில் இப்பகுதியின் பெரும்பாலான கிராமங்கள் ஆழ்துளைக் கிணறுகளையே நம்பியுள்ளன. நீர் "உப்பாக இருக்கிறது" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. எவ்வளவு உப்பு என்பதை எண்ணாக மாற்றுவதே வேதியியல்.

சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தை நகைத் தராசில் எடை போட்டு, அதில் ஒரு லிட்டர் நீரைச் சிறுசிறு அளவாக ஊற்றி ஆவியாக்க வேண்டும். கடைசிச் சிறிது நீரை வெயிலில் உலர்த்திய பின் மீண்டும் எடை பார்த்தால், கரைந்திருந்த திடப்பொருளின் அளவு தெரியும். குடிநீரில் இது லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடங்களில் 2,000 மில்லி கிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு வரையறுத்துள்ளது. 500 மில்லி கிராம் என்பது அரை கிராம். நகைத் தராசு காட்டிவிடும் எடைதான் அது.

அதே நீரில் ஒரே அளவு சோப்புக் கரைசலைச் சேர்த்துக் குலுக்கி, நுரையின் உயரத்தை அளந்தால் கடினத்தன்மை பற்றிய குறிப்பு கிடைக்கும். இரு கம்பிகளை நீரில் வைத்து, பேட்டரியும் அம்மீட்டரும் இணைத்தால், உப்பு கூடக் கூட மின்னோட்டம் கூடுவதைக் காணலாம். மழைநீர், ஏரிநீர், ஆழ்துளைக் கிணற்று நீர், வீட்டுச் சுத்திகரிப்பானின் நீர் என நான்கு மாதிரிகளில் மூன்று சோதனைகளையும் செய்து, அவை ஒன்றுக்கொன்று ஒத்துப் போகின்றனவா என்று பார்ப்பதே ஆய்வு.

ஓர் எச்சரிக்கை அவசியம். ஃபுளூரைடு, நுண்ணுயிர் போன்றவற்றை இந்தச் சோதனைகள் காட்டா. எனவே, "இந்த நீர் குடிக்க ஏற்றது" என்று மாணவர் அறிக்கையில் எழுதக் கூடாது. தன் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெளிவாக எழுதும் மாணவருக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

தக்காளியும் மாம்பழமும்

பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளி, நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று. 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்ற தக்காளி, வேறு பருவங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படுவதும் உண்டு. சித்தூரின் மாம்பழக் கூழ் ஆலைகளுக்குச் செல்லும் தோத்தாபுரி மாம்பழத்தின் நிலையும் இதுவே. 2025 பருவத்தில் விலை சரிந்தபோது, கிலோவுக்கு 4 ரூபாய் வீதம் மானியம் வழங்க மாநில அரசு முன்வர நேர்ந்தது.

விலையை மாணவர் மாற்ற முடியாது. ஆனால் பழம் ஏன் கெடுகிறது, அதை எத்தனை நாள் காக்க முடியும் என்பவை இயற்பியல் கேள்விகள். பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடையே ஈர மணலை நிரப்பினால், நீர் ஆவியாகும்போது உள்பானை குளிர்கிறது. மே மாதப் பிற்பகலில் உள்ளே வெப்பநிலை எத்தனை டிகிரி குறைகிறது? ஈரப்பதம் மிகுந்த நவம்பரில் எவ்வளவு? பானைக்குள் வைத்த ஒரு கிலோ தக்காளியும், வெளியே கூடையில் வைத்த ஒரு கிலோ தக்காளியும் நாள்தோறும் எவ்வளவு எடை இழக்கின்றன? பத்து நாள்கள் குறிப்பெடுத்து வரைபடத் தாளில் கோடு வரைந்தால், விவசாயியான தந்தைக்கே பயன்படும் விடை கிடைக்கலாம்.

சூரிய உலர்த்தியும் இத்தகையதே. உள்ளே கறுப்பு வண்ணம் பூசிய மரப்பெட்டி, மேலே ஒரு கண்ணாடி, காற்று புகவும் வெளியேறவும் துளைகள். அதில் வைத்த மாங்காய்த் துண்டுகளை மணிக்கு ஒரு முறை எடை பார்க்க வேண்டும். துளைகளை மூடினால் பெட்டி அதிகச் சூடாகும். ஆனால் ஈரம் வெளியேறாது. திறந்தால் ஈரம் வெளியேறும்; ஆனால் சூடு குறையும். எந்த அளவில் துளை இருந்தால் விரைவில் உலரும்? இதற்கு எந்தக் கடையிலும் ஆயத்த விடை விற்கப்படுவதில்லை.

குப்பம் காட்டும் வழி

பொருள் இல்லாததால் அறிவியல் நின்றுவிடுவதில்லை என்பதற்கு இப்பகுதியிலேயே சான்று உண்டு. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் குப்பத்துக்கு அருகே, 172 ஏக்கர் பரப்பில் அகஸ்தியா சர்வதேச அறக்கட்டளையின் வளாகம் அமைந்துள்ளது. வங்கித் துறையிலிருந்து விலகி வந்த ராம்ஜி ராகவன் 1999-ல் தொடங்கிய அமைப்பு இது. எளிய, மலிவான சோதனைக் கருவிகளை வேனில் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டு செல்லும் நடமாடும் ஆய்வகங்கள் இதன் அடையாளம். அரசுப் பள்ளி மாணவர்களே பயிற்சி பெற்று, மற்ற மாணவர்களுக்குச் சோதனைகளை விளக்கும் முறையும் இங்கு பின்பற்றப்படுகிறது.

இதற்கு முன்னோடி மத்தியப் பிரதேசத்தில் உண்டு. 1972-ல் ஹோஷங்காபாத் மாவட்டக் கிராமப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், மனப்பாடத்துக்கு மாறாக மாணவரே சோதனை செய்து முடிவு காணும் முறையைக் கொண்டு வந்தது. அது நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவி, 2002-ல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. நல்ல திட்டம் என்பது மட்டுமே நீடித்திருக்கப் போதுமானதல்ல என்பதற்கும் அது சான்று. ஆசிரியரின் நேரத்துக்கும், மாணவரின் தவறுகளுக்கும் இடம் கொடுக்கும் தேர்வு முறை இல்லாமல், எந்தச் சோதனையும் வகுப்பறையில் நிலைக்காது.

ஆந்திரப் பள்ளிகளில் உயர்நிலை வகுப்புகளில் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுகின்றன. செயல்திட்டத்துக்கு மதிப்பெண்ணும் உண்டு. அந்த மதிப்பெண்ணை எதற்குத் தருவது என்பதை மாற்றினாலே பெரும் மாற்றம் நிகழும். மாதிரியின் அழகுக்குப் பதிலாக, நாள் வாரியாகக் குறிக்கப்பட்ட குறிப்பேட்டுக்கு மதிப்பெண் தரலாம். ஒரு முறைக்கு மேல் அளந்திருக்கிறாரா, ஒவ்வாத எண்ணை அழிக்காமல் வைத்திருக்கிறாரா, தோல்வியை எழுதியிருக்கிறாரா என்று பார்க்கலாம். குறிப்பேட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பெற்றோர் ஓர் இரவில் எழுதித் தரவும் முடியாது.

நிழல் ஆய்வையே எடுத்துக் கொண்டால், ஏப்ரல் கடைசி வாரத்தில் ஆந்திரப் பள்ளிகள் பெரும்பாலும் கோடை விடுமுறையில் இருக்கும். திருப்பதியில் நிழல் மறையும் அடுத்த வாய்ப்பான ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் மேகம் குறுக்கிடலாம். அதனால் ஆய்வு நின்றுவிடாது. செப்டம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை வானம் தெளிந்த எந்த நாளிலும் இரு ஊர்களிலும் மிகக் குறைந்த நிழலை அளந்து, இரு கோணங்களின் வேறுபாட்டைக் கண்டால் அதே 15 பாகை கிடைக்கும். ஆனால் கடிகாரத்தில் 12 மணி அடிக்கும்போது அளக்கக் கூடாது. இரு ஊர்களிலும் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் வேறு. தில்லியில் அது திருப்பதியைவிடச் சுமார் 9 நிமிடங்கள் தாமதம். ஏன் என்று மாணவர் கேட்டால், அடுத்த ஆய்வு தொடங்கிவிட்டது என்று பொருள்.

மக்களவையின் அமர்வு நாள் பொதுவாகக் கேள்வி நேரத்துடன்தான் தொடங்குகிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர்கள் எழுத்து வடிவில் ஆயத்தமான பதிலுடன் வருகிறார்கள். அதைப் படித்து முடிப்பது எளிது. பொருள் உண்மையில் தெரியுமா என்பது, உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி கேட்கும்போதுதான் வெளிப்படும்.

பள்ளிக் கண்காட்சிக்கு வரும் நடுவர்களும் பெற்றோரும் செய்ய வேண்டியது அதுவே. எரிமலை பொங்கி முடிந்ததும் கைதட்டிவிட்டு நகராமல், "இதில் நீ அளந்தது என்ன?" என்று ஒரு துணைக் கேள்வி கேட்கலாம். 39,840 கி.மீ. என்று பதில் சொல்லும் மாணவி, மீதமுள்ள 160 கி.மீ. எங்கே போயிற்று என்றும் யோசித்து வைத்திருப்பார்.